செருப்பைக் கழற்றும் இடம்

அத்தை யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகம் அதற்குப் பிறகுதான். பஸ்ஸில் எதிரில் நிற்பவர், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர், வீட்டுக்கு முதல்முறை வரும் விருந்தாளி என்று யாராக இருந்தாலும் அவர் பார்வை தரையில் தொடங்கி மேலே ஏறும். கணுக்கால் வீங்கியிருக்கிறதா, நகம் என்ன நிறம், பித்தவெடிப்பு எவ்வளவு ஆழம், செருப்பின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. பள்ளித் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து போனபின், "அந்தப் பெண் இடது காலை ஊன்றப் பயப்படுகிறாள். அவள் அம்மாவிடம் நான் பேச வேண்டும்" என்றார். அவளோடு இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கொடைக்கானலில் 34 ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர், என் அப்பாவின் தங்கை. போன மார்கழியில், 72 வயதில் காலமானார். இரங்கல் கூட்டத்தில் பேசிய பலரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: தியாகம். குடும்பம் வேண்டாம் என்று இருந்தார், மலையிலேயே கிடந்தார், தன்னை உருக்கிக்கொண்டார் என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஆசை ஆசையாக வாழ்ந்த ஒருவரை ஏதோ இழந்தவராக ஆக்கிவிடுகிறது அது. அத்தை நடப்பதில் தீராத ஆசை கொண்டவர். நைட் டியூட்டி முடித்து, ஒரு டம்ளர் காப்பி குடித்து, தூங்காமல் நேரே பெருமாள் மலை ஏறப் போனவர். மலையில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் தியாகம் என்ற சொல்லை எடுக்கவே மாட்டார்கள்.

எங்கள் ஊர் பெரியகுளம். மொட்டை மாடியில் நின்றால் பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். மழை நின்ற நாட்களில் பாறைகளில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் தெரியும். சின்ன வயதில் அத்தை மாடிக்குப் போனால் இறங்கவே மாட்டாராம். அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று தாத்தாவைத் துளைத்தெடுப்பாராம். மதுரையில் நர்சிங் படித்து முடித்ததும் மதுரையிலேயே வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு மலைக்கு ஏறினார். "அவள் காலில் சக்கரம் கட்டிவிட்டுத்தான் கடவுள் அனுப்பியிருக்கிறான்" என்று பாட்டி அலுத்துக்கொள்வார். பெண் பிள்ளை தனியாகக் காட்டில் திரிவதா என்று வீட்டில் நடந்த சண்டைகளைப் பற்றி எழுத விருப்பமில்லை. அத்தை அவற்றுக்குப் பதிலும் சொன்னதில்லை, நடப்பதை நிறுத்தவுமில்லை.

1994-இல் குறிஞ்சி பூத்தபோது எனக்கு ஒன்பது வயது. அத்தை என்னை அழைத்துப்போன முதல் நடை அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் பூ என்பதால் ஊரே திரண்டு வந்திருந்தது. கார்களை நிறுத்தி ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போனார்கள். அத்தை என்னைக் கூட்டம் இல்லாத ஒரு சரிவுக்கு அழைத்துப்போய்ப் புதருக்கு நடுவே உட்காரவைத்தார். "பூவைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள்" என்றார். சரிவு முழுக்கத் தேனீக்களின் ரீங்காரம். விதை போட்டபின் இந்தச் செடி முழுதாகக் காய்ந்து செத்துவிடும், அடுத்த தலைமுறை விதையிலிருந்துதான் வரும் என்று அன்றுதான் சொன்னார். ஒன்பது வயதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் சொல்லவில்லை. பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கித் துணியில் அவரே தைத்தது. பஞ்சு, காஸ் துணி, அகலமான கட்டுத்துணி, சிறு கத்தரி, உப்பு ஒரு பொட்டலம், சர்க்கரை ஒரு பொட்டலம், தீப்பெட்டி, நைலான் கயிறு, உலர்ந்த காலுறை ஒரு ஜோடி. வேலைக்கும் இதே பைதான், ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே பைதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்தக் கணக்கை நான் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கும் அதுதான், வெயிலில் ஏறிக் கிறுகிறுத்த எனக்கும் அதுதான்.

மலையில் அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. பேச்சு திணறும் வேகத்தில் நடக்கக் கூடாது. பேசிக்கொண்டே ஏற முடிந்தால்தான் அது சரியான வேகம். மூச்சு வாங்கினால் தொப்பென்று உட்காராமல் நின்று ஆற வேண்டும். காட்டு மாடு பாதையில் நின்றால் பாதை அதனுடையது. நனைந்துவிட்டால் முதலில் ஈரத் துணியைக் கழற்ற வேண்டும், போர்வை அதற்குப் பிறகு. அட்டை ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக் கூடாது. விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி அதன் வாயைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்ற பொருள் இருப்பதால் அது போனபின்னும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். "பயப்படாதே, பஞ்சை வைத்து அழுத்து, பொறு" என்பார். அந்த மூன்று சொற்களை அவர் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்களிடமும் அதே குரலில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

தாண்டிக்குடியில் பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகளைக் காட்டினார். குக்கல் குகையின் பாறை விளிம்பில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆனால் அவர் அதிகம் நடந்த பாதை வேறு. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் வழியை எல்லோருக்கும் தெரியும். பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பாதை அங்கே முடிவதில்லை. சோலைக்குள் நுழைந்து, காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி, வெள்ளகவி என்ற ஊருக்குப் போய், அதற்குக் கீழே கும்பக்கரை அருவிப் பக்கம் சமவெளியைத் தொடும். வெள்ளகவிக்கு அன்று சாலை கிடையாது. காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் குதிரை முதுகிலும் மனிதத் தலையிலும்தான் வெளியே வர வேண்டும். அரிசி உள்ளே போவதும் அப்படித்தான். ஊருக்குள் கோயில்கள் அதிகம். அங்கே யாரும் செருப்பு அணிவதில்லை. ஊர் எல்லையில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கும் அதே வழக்கம்.

மருத்துவமனையின் கிராமப் பணிக்காக அத்தை மாதம் ஒருமுறையாவது அங்கே போவார். 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபின் இன்னும் கூடுதலாக. நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நான்கு பனிக்கட்டிப் பொதிகள், நடுவில் குப்பிகள். பனி உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிற்காலத்தில் வந்த குப்பிகளின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்து வீண். நான் கூடப் போன நாட்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிழலில் இறக்கிவைப்பார், தனக்கு நிழல் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். ஊர் எல்லை வந்ததும் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, நாடாக்களை முடிச்சுப் போட்டு ஒரு கிளையில் மாட்டுவார். பிறகு வெறுங்காலோடு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கல் பாவிய சந்தில் நடப்பார். குளிர்ந்த கல்லில் முதல் அடி வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கோயிலுக்குள் நுழைபவர் முகம் அப்படி இருக்காது. ஆற்றில் இறங்கும் குழந்தையின் முகம் அது.

2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் காட்டுப் போலியோ கிருமியால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாததாக அறிவித்த செய்தியை நான்தான் அத்தைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெட்டியின் வார் தோளை அறுக்கும்" என்றார்.

அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நீளவாட்டு நோட்டுகள், பதினொன்று. நோயாளிகளின் பெயர் எதிலும் இல்லை. மேல் வீடு, ஊற்றுக்கு அடுத்த வீடு, மூன்றாம் வீடு என்றுதான் குறித்திருக்கிறார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "மழை விட்டு விட்டு. சொட்டு மருந்து 23. மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு பி.பி. 170/100. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். அடுத்த முறை கூடுதலாக எடுத்துப்போக வேண்டும். திரும்பும்போது ஊற்றருகே கருமந்திக் கூட்டம். குட்டி ஒன்று புதிது." வேலைக்கு ஒரு நோட்டு, நடைக்கு ஒரு நோட்டு என்று பிரிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாளின் பக்கத்தில் மட்டும் ஒரே வரி: "பெண். 2.4 கிலோ. அழுகை நன்று." கீழே அந்தப் பக்கம் முழுதும் காலி.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. தடுப்பூசிக்குப் போனவர் மழையில் வெள்ளகவியிலேயே தங்கிவிட்டார். விடியற்காலையில் ஒரு வீட்டில் பிரசவம். நான்காவது பிள்ளை. குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடியும் வந்தது, ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை பெற்ற கருப்பை கல் போல இறுகினால்தான் உள்ளே திறந்திருக்கும் ரத்தக் குழாய்கள் மூடும். தளர்ந்துபோனால் ஒரு மணி நேரத்தில் ஓர் உயிர் வடிந்துவிடும். அத்தை அடிவயிற்றைப் பிசைந்து அழுத்தினார். குழந்தையை மார்பில் போட்டார், பால் குடிக்கையில் கருப்பை சுருங்கும் என்பதால். பெட்டியில் இருந்த ஊசியைப் போட்டார். கம்பில் போர்வையைக் கட்டி டோலி தயாரானது. நான்கு பேர் தூக்க, மாற்றுக்கு நான்கு பேர். ஏற்றம் நான்கு மணி நேரம்.

கருப்பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் அந்தப் பாதை ஓர் ஆள் அகலம். டோலிக்குப் பக்கத்தில் நடக்க இடம் கிடையாது. அத்தை பாதைக்கு வெளியே, சரிவில், உண்ணி முட்புதருக்குள்ளேயே நடந்தார். வலது கை அந்தப் பெண்ணின் வயிற்றில். இடது கையால் எது அகப்பட்டதோ அதைப் பிடித்துக்கொண்டு. இரண்டு நாள் கழித்து நான் பார்த்தபோது அவருடைய இடது புறம் முழுக்க, கழுத்திலிருந்து கணுக்கால் வரை, கீறல்கள். சேலை கிழிந்த கிழிசல்களை எண்ணவே முடியவில்லை.

வட்டக்கானலில் ஜீப்காரர் அடித்த ஹாரன் காதில் விழும் தொலைவில் அந்தப் பெண் இறந்துபோனார்.

இதையெல்லாம் அத்தை அன்று சொல்லவில்லை. பல மாதங்கள் கழித்து, துண்டு துண்டாகச் சொன்னார். வெள்ளகவிக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. அந்தக் குழந்தையின் எடை அடுத்த பக்கங்களில் மாதாமாதம் இருக்கிறது, 2.9, 3.6, 4.3. ஞாயிற்றுக்கிழமை நடைகள்தான் நின்றுபோயின. ஷூ அலமாரிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

அந்த நாட்களில்தான் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொன்னார். திண்டிவனத்தில் தந்தையோடு இருந்த இளம்பெண்ணாக ஐடா, ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்ற அழைத்தது, ஆண் டாக்டரான தந்தையை அவர்கள் ஏற்காதது, விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தது. பிறகு அவர் டாக்டராகி வேலூரில் மருத்துவமனை கட்டினார், 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார், 1960-இல் இதே கொடைக்கானலில் கண்மூடினார். நர்சிங் படித்த யாருக்கும் தெரிந்த கதைதான். "அந்த அம்மாவுக்கு மூன்று பேர். எனக்கு ஒருத்தி. கணக்கு ஒன்றுதான்" என்றார் அத்தை.

சாலை கேட்டு ஊர்மக்கள் மனு எழுதியபோது அத்தையும் கையெழுத்துப் போட்டார். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்று நினைத்தால் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்தப் பாதையில் பாதி மலையில் ஒரு திருப்பம் உண்டு; அங்கே நின்றால் பெரியகுளமும், வெயில் பட்டு மின்னும் வைகை அணையும், கண்ணுக்கு எட்டும்வரை சமவெளியும் தெரியும். எங்கள் வீட்டு மாடியிலிருந்து அவர் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த இடம் அதுதான் என்று ஒருமுறை காட்டியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு, "ரோடு வந்தால் நீங்கள் நடக்கிற பாதை போய்விடுமே அத்தை" என்றேன்.

"நான் நடக்க வேறு மலை இருக்கிறது" என்றார்.

கோபத்தோடு சொல்லவில்லை. பாதையின் அழகை அவர் மறுக்கவும் இல்லை. அந்தத் திருப்பத்தில் என்னைவிட அதிக நேரம் நின்றவர் அவர். முதுகுப்பை மாட்டிக்கொண்டு சாகசப் பயணம் என்று இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளைக் கண்டால் அவருக்குப் பிடிக்கும், ஷூ நாடாவைச் சரியாகக் கட்டச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அவர்களிடம் தவறாமல் சொல்வார்: "எதிரில் டோலி வந்தால் சரிவுப் பக்கம் ஒதுங்குங்கள், மேட்டுப் பக்கம் அவர்களுக்கு விடுங்கள்." மோட்டார் சாலை வரும் முன் வெள்ளைக்காரத் துரைகளும் பெரியகுளம் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு நாற்காலியிலும் டோலியிலும் சுமக்கப்பட்டுத்தான் ஏறினார்கள். அவர்களுக்குச் சாலை வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியும் சுமந்தவர்களின் தோளிலிருந்து டோலி இறங்கவில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஷூவை எடுத்துத் தூசி தட்டினார். அவ்வளவுதான், மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

ஓய்வுக்குப் பிறகு நாயுடுபுரம் பக்கம் சிறிய வீடு ஒன்றில் இருந்தார். 2018-இல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது முட்டி தேய்ந்திருந்தது. கைத்தடியோடு வந்து, அதே மாதிரி சரிவில் உட்கார்ந்து கண்ணை மூடிச் சத்தம் கேட்டார். அந்த நவம்பரில் கஜா புயல் மலையையும் உலுக்கியது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழே இருந்த நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். ஆள் போய்ப் பார்த்தபோது அத்தை திண்ணையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு, மரம் அறுத்தவர்களின் கைக்காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாராம். அதே காக்கிப் பை.

கடைசி ஒரு வருடம் இதயம் பலவீனமாகிவிட்டது. கணுக்காலில் நீர் கோத்தது. தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தன் கணுக்காலை அழுத்தி, விழுந்த பள்ளம் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று எண்ணுவார். பிறகு குனிய முடியாமல் போனதும் நான் அழுத்துவேன், அவர் எண்ணுவார். பத்து. பதினான்கு. இருபதைத் தாண்டிய நாளில், "இனி எண்ண வேண்டாம், ஜன்னலைத் திற" என்றார். பெருமாள் மலையில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மழை வருமா என்று கேட்டேன். மதியத்துக்குமேல் வரும் என்றார். வந்தது.

இறந்த மறுநாள் காலையில் வெள்ளகவியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இருட்டில் கிளம்பி ஏறியிருக்க வேண்டும். அத்தை வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில், வீட்டுக்கு நூறு அடி முன்னாலேயே செருப்புகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, ஈரத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்தார்கள். பெரியவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கடைசியாக இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒரு பெண் வந்தாள். அவளை எனக்குத் தெரியாது. வாசற்படியில் தயங்கி நின்றவளின் காலைப் பார்த்தேன். விரலிடுக்கில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் மெல்லிய கோடாகக் கசிந்துகொண்டிருந்தது.

அவளைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, பஞ்சு எடுத்துவர உள்ளே போனேன்.